29 வாக்கில் பிழைத்தவருக்கு இவ்வளவு புகழ் மாலையா?

டான் நதிக்கரை:
இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறையைக் கண்காணிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் போலீஸ் அண்ட் கிரைம் கமிஷனர் (பி.சி.சி.) பதவியை 2028 மே மாதத்தோடு மூடப்போகிறோம் என்று 2025 நவம்பரில் அரசு அறிவித்தாலும் அறிவித்தது, இங்கே ஆளாளுக்கு ‘தண்டச் சம்பளம், வெட்டிப் பதவி’ என்று எழுதித் தள்ளுகிறீர்கள். சவுத் யார்க்‌ஷயரின் ஆலன் பில்லிங்ஸைப் பற்றி ஒருவராவது யோசித்தீர்களா? ஆங்கிலிக்கன் பாதிரியார். எண்பதுகளில் ஷெஃபீல்ட் நகர மன்றத்தில் தலைவர் டேவிட் பிளங்கெட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். ராதர்ஹாம் சிறார் பாலியல் கொடுமை விவகாரத்தில் முந்தைய பி.சி.சி. விலகிப்போய், காவல்துறையின் பெயர் சந்தி சிரித்த நேரத்தில், எழுபது வயதைத் தாண்டிய மனிதர் பொறுப்புக்கு வந்தார். 2014 முதல் 2024 வரை இருந்தார். நடுவில் இரண்டு முறை மக்கள் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் காவல்துறையிடம் கணக்குக் கேட்க முடியும் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

கணக்கன்:
மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரா? எந்த மக்கள்? 2014 அக்டோபர் 30, இடைத்தேர்தல். வாக்களித்தவர்கள் 14.88 சதவீதம். அதில் அவருக்கு 50.02. முதல் சுற்றிலேயே ஜெயிக்கப் பாதியைத் தாண்ட வேண்டும் என்பது விதி. எத்தனை வாக்கில் தாண்டினார் தெரியுமா? 29. பத்து லட்சம் வாக்காளர் இருக்கும் இடத்தில் இருபத்தொன்பது. அதற்கு இவ்வளவு பெரிய புகழ் மாலை.

டான் நதிக்கரை:
கணக்கன் அண்ணே, இரண்டாவது வந்த யூகிப் (ஐரோப்பிய ஒன்றிய எதிர்ப்புக் கட்சி) வேட்பாளர் 46,883. பில்லிங்ஸ் 74,060. வித்தியாசம் 27,177. அதை விட்டுவிட்டு 29ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே.

கணக்கன்:
29.

பழைய சீருடை:
எண்ணிக்கை கிடக்கட்டும் ஐயா. அவர் டேவிட் கிராம்ப்டனுக்குச் செய்ததைப் பேசுங்கள். 2016 ஏப்ரல் 26 அன்று ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசல் விசாரணையில் 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரி சொன்னது. அந்தச் சாவுகள் நடந்தது 1989இல், கிராம்ப்டன் இங்கே சீஃப் கான்ஸ்டபிள், அதாவது காவல்துறைத் தலைவர், ஆனது 2012இல். தீர்ப்பு வந்த அன்றே மனிதர் மன்னிப்பும் கேட்டார். நவம்பரில் ஓய்வு என்று மார்ச்சிலேயே அறிவித்திருந்தவரை, தீர்ப்புக்கு மறுநாள் இடைநீக்கம் செய்தார் உங்கள் பாதிரியார். செப்டம்பரில் ராஜினாமாவும் செய்யச் சொன்னார். 2017 ஜூனில் உயர் நீதிமன்றம் இரண்டையும் சட்டவிரோதம் என்று ரத்து செய்தது. இதுதான் கணக்குக் கேட்கிற லட்சணமா?

டான் நதிக்கரை:
பாதியை மட்டும் சொல்லாதீர்கள். அந்த மறுநாள் என்ன நடந்தது? விசாரணையில் காவல்துறை நடந்துகொண்ட விதத்தை நியாயப்படுத்தி கிராம்ப்டன் தரப்பிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. இருபத்தேழு வருடம் காத்திருந்த குடும்பங்கள் அதைப் படித்துக் கொதித்துப்போனார்கள். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி எம்.பி. ஆண்டி பர்னம் எழுந்து நின்று அவர் போக வேண்டும் என்றார். பில்லிங்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? அவர் தனியாகவும் முடிவெடுக்கவில்லை. ராஜினாமா கேட்பதற்கு முன்னால் விஷயம் பி.சி.சி.யைக் கண்காணிக்கும் போலீஸ் அண்ட் கிரைம் பேனலுக்குப் போனது, அவர்களும் சரி என்றார்கள்.

பழைய சீருடை:
காவல்துறையை ஆய்வு செய்கிற டாம் வின்சர் அது நியாயமே இல்லை என்று எழுதிக் கொடுத்தாரே, அதைக் குப்பையில் போட்டாரே, அதையும் சொல்லுங்கள். கிராம்ப்டன் இடத்துக்குத் தற்காலிகமாகக் கொண்டுவந்த அம்மணி ஒரே நாளில் விலகினார். ஒரு வாரத்துக்குள் நாடே சிரித்தது. நான் இந்த நாட்டில் சீருடை போட்டவன். மேலே இருப்பவருக்கே வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்றால் கீழே இருப்பவன் எந்த தைரியத்தில் முடிவெடுப்பான்?

வம்பன்:
சீருடை அண்ணன் எந்த இழைக்கு வந்தாலும் ‘நான் சீருடை போட்டவன்’. ரயில் டிக்கெட் இழையிலும் அதேதான் சொன்னார்.

பழைய சீருடை:
தம்பி, ரயில் டிக்கெட் இழையில் நீ சொன்ன பொய்யை நான் பிடித்தேன். அந்த எரிச்சல் உனக்கு இன்னும் போகவில்லை.

கணக்கன்:
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கள். கிராம்ப்டனை அனுப்பும் அதிகாரம் அவருக்கு எப்படி வந்தது? 2011ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. சீஃப் கான்ஸ்டபிளை நியமிக்கலாம், நீக்கலாம், காவல்துறைக்கான வரியை நிர்ணயிக்கலாம். கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளூர் வரி) பில் வரும்போது உற்றுப் பாருங்கள், நகராட்சிக்கு ஒரு வரி, தீயணைப்புக்கு ஒரு வரி, காவல்துறைக்கு என்று தனியாக ஒரு வரி. அந்தத் தொகையைப் போட்டவர் பி.சி.சி. இவ்வளவு அதிகாரமும் எதன் பேரில்? 29 வாக்கின் பேரில்.

டான் நதிக்கரை:
அந்தத் தேர்தலில் நான் வாக்களித்தேன். கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்த வாரம் அது, வேலை முடிந்து போகும்போதே நல்ல இருட்டு. வாக்குச்சீட்டில் பெயர்களுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம், முதல் விருப்பம் ஒன்று, இரண்டாம் விருப்பம் ஒன்று. யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேரை வைத்துக்கொண்டு இரண்டாம் விருப்பத்தை எண்ணுவார்கள். அந்த 29 இல்லாவிட்டால் நடந்திருப்பது அவ்வளவுதான், இன்னொரு சுற்று எண்ணியிருப்பார்கள். தோற்றிருக்க மாட்டார். 27,177 முன்னால் நிற்பவர் எப்படித் தோற்பார்?

கணக்கன்:
எண்ணியிருந்தால் பார்த்திருக்கலாம். எண்ணவில்லையே. டோரி (கன்சர்வேடிவ்) வேட்பாளருக்கு 18,536, இங்கிலீஷ் டெமாக்ரட்ஸ் என்ற சின்னக் கட்சிக்கு 8,583. கூட்டுங்கள், 27,119. அவ்வளவு பேரின் இரண்டாவது கட்டத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நீங்கள் மட்டும் கற்பனையில் எண்ணி முடித்துவிட்டீர்கள்.

டான் நதிக்கரை:
உங்கள் கூட்டல்படியே வருகிறேன். 27,119 பேரும் ஒருவர் விடாமல் யூகிப்புக்குப் போட்டிருந்தாலும் 74,002தான் வரும். பில்லிங்ஸுக்கு ஏற்கெனவே 74,060. கையில் கால்குலேட்டர் இருக்கிறதா, இல்லை கணக்கன் என்பது வெறும் பெயர்தானா?

வம்பன்:
அண்ணே, இது வலித்திருக்குமே.

கணக்கன்:
கேள்வி அது இல்லை. தோற்றிருப்பார் என்று நான் எங்கே சொன்னேன்? பாதியைத் தாண்டியது 29 வாக்கில் என்றேன். 148,062 செல்லுபடியான வாக்கு, பாதி 74,031. அவருக்கு 74,060. கழியுங்கள். இதில் எந்த எழுத்து தவறு? மறுக்க முடிந்தால் மறுங்கள், முடியாவிட்டால் கால்குலேட்டர் நகைச்சுவையெல்லாம் வேண்டாம். மொத்த வாக்காளரில் அவருக்குப் போட்டவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட முழுசாகத் தேறுமோ என்னவோ.

நூர்ஜஹான் லீட்ஸ்:
ஏழரை பக்கம் வரும், வீண் சந்தேகம் வேண்டாம். நீங்கள் எல்லோரும் 29ஐ வைத்துப் பந்தாடுகிறீர்கள், அந்த இடைத்தேர்தல் ஏன் வந்தது என்று யாருக்கும் கவலை இல்லை. ஷான் ரைட், 2005 முதல் 2010 வரை ராதர்ஹாம் நகர மன்றத்தில் குழந்தைகள் நலத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். 2012இல் பி.சி.சி. ஆனார். 2014 ஆகஸ்டில் அலெக்சிஸ் ஜேயின் விசாரணை அறிக்கை, ராதர்ஹாமில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் 1,400 குழந்தைகள் என்று சொன்னது. பிரதமர் போகச் சொன்னார், உள்துறை அமைச்சர் தெரேசா மே போகச் சொன்னார், சொந்தக் கட்சி போகச் சொன்னது. மனிதர் கட்சியை விட்டாரே தவிர நாற்காலியை விடவில்லை. பேனல் நம்பிக்கையில்லை என்று தீர்மானம் போட்டாலும் செல்லாது, சட்டத்தில் நீக்க வழியே இல்லை. செப்டம்பர் 16 அன்று தானாகப் போனார். 29 வாக்கோ 29 லட்சம் வாக்கோ, ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுப்ப முடியாது என்பதுதான் கோளாறு.

கணக்கன்:
அம்மா, நீங்கள் சொல்வதும் என் கட்சிதான். எழுப்ப முடியாத நாற்காலியில் 29 வாக்கில் ஒருவர் உட்காரலாமா?

நூர்ஜஹான் லீட்ஸ்:
நான் உங்கள் கட்சி இல்லை.

டான் நதிக்கரை:
சரி, 2014ஐ விடுங்கள். 2016இலும் ஜெயித்தாரே, 2021இலும் ஜெயித்தாரே? கிராம்ப்டன் விஷயத்தில் நீதிமன்றம் குட்டியதெல்லாம் தெரிந்த பிறகுதான் 2021இல் மக்கள் போட்டார்கள்.

பழைய சீருடை:
2016 தேர்தல் மே 5. கிராம்ப்டன் இடைநீக்கம் ஏப்ரல் 27. வாக்குப் பதிவுக்கு எட்டு நாள் முன்னால். தற்செயலாம்! நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளுங்கள்.

டான் நதிக்கரை:
ஜூரி தீர்ப்பு சொன்ன தேதியையும் பில்லிங்ஸ்தான் குறித்துக் கொடுத்தார் என்பீர்கள் போலிருக்கிறது. அவர் கொண்டுவந்த ஸ்டீபன் வாட்சன் அந்தப் படையைத் தூக்கி நிறுத்தியதால்தான் 2021இல் மான்செஸ்டர் காவல்துறை அவரைத் தலைவராக அழைத்துக்கொண்டது. அதைப் பற்றி வாயே திறக்க மாட்டீர்கள்.

பழைய சீருடை:
தூக்கி நிறுத்தியது வாட்சன். பாதிரியாருக்கு அதில் என்ன பங்கு?

டான் நதிக்கரை:
தப்பு நடந்தால் பில்லிங்ஸ், நல்லது நடந்தால் வாட்சன். அருமையான நியாயம் அண்ணே.

நெறியாளர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். ரயில் டிக்கெட் விவகாரத்தை இங்கே யாரும் தொடரக் கூடாது.

வம்பன்:
நான் ஒன்றும் தொடரவில்லை. பொய் என்று சொன்னவர் ஆதாரம் காட்டட்டும்.

கணக்கன்:
2024 மே மாதத்திலிருந்து சவுத் யார்க்‌ஷயரில் பி.சி.சி.யே இல்லை, வேலை முழுக்க மேயர் ஆலிவர் காப்பர்டிடம் போய்விட்டது. பி.சி.சி. இருக்கும் மற்ற ஊர்களில் 2028 வரை ஓடும். பதவியே நிற்கவில்லை, இதில் பதவியில் இருந்தவருக்குச் சிலை வைக்கிறீர்கள்.

டான் நதிக்கரை:
2024இல் நடந்த அந்த மேயர் தேர்தலில் பாதியைத் தாண்ட வேண்டும் என்ற விதியே இருக்கவில்லை. 2022 தேர்தல் சட்டப்படி யார் முன்னால் வந்தாலும் ஜெயித்தார். உங்கள் 29 வாக்காவது ஒரு கோட்டைத் தாண்டியது. 2024இல் கோடே இல்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்கன்:
அதற்குத் தனி இழை திறக்கிறேன். இங்கே கேட்டது 29. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லுங்கள்.

டான் நதிக்கரை:
27,177.

பழைய சீருடை:
வம்பன் தம்பி, ஆதாரம் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு இங்கேயே வந்து பதில் சொல்.