ஐஸ்லாந்தில் வாடகைக் கார்: எதற்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடையாது?

ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாச்சு, அப்புறம் என்ன பயம் என்று கேட்பவர்களுக்காக இது. ஐஸ்லாந்தில் 'ஃபுல்' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு அர்த்தம்.

சி.டி.டபிள்யூ. என்ற அடிப்படை மோதல் காப்பு வாடகையோடு சேர்ந்தே வரும். ஆனால் வண்டி அடிபட்டால் ஒரு பெரிய தொகை வரை நம் பொறுப்பு. கூடுதல் காப்பான எஸ்.சி.டி.டபிள்யூ. அந்தத் தொகையைக் குறைக்கும், அவ்வளவுதான். ஜி.பி. என்பது கல் தெறித்து முன்கண்ணாடி, ஹெட்லைட், பெயின்ட் சேதமானால் பயன்படுவது. எஸ்.ஏ.ஏ.பி. மணல், சாம்பல் புயலுக்கு. இத்தனையும் வாங்கினாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் மூன்று விஷயம் சேராது: காற்றில் மடங்கிய கதவு, ஆற்றில் இறங்கியதால் வந்த சேதம், அடிப்பாகத்தில் பட்ட அடி. கையெழுத்துப் போடுமுன் இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஜி.பி.யை எந்த மாதமானாலும் விடாதீர்கள். தார்ச்சாலையிலும் எதிரே வரும் வண்டியின் டயர் ஓரத்து ஜல்லியை வாரி அடிக்கும். எஸ்.ஏ.ஏ.பி. வேண்டுமா என்பது போகிற பாதையைப் பொறுத்தது. தென்கரையில் உள்ள வீக் ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் மிர்தால்ஸ்சாந்தூர், ஸ்கெய்தாரார்சாந்தூர் என்று இரண்டு கரும்மணல் வெளிகள். பலத்த காற்றில் அந்த மணல் பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் உரித்துவிடும். கண்ணாடி மங்கிப் பால்நிறமாகும். முழு வண்டிக்கும் பெயின்ட் என்றால் பில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தலைநகர் ரெய்க்யவிக்கைச் சுற்றி மட்டும் கோடையில் ஓட்டுபவர் இதை விட்டுவிடலாம்.

* * *

கதவைப் பற்றி இன்னும் விளக்க வேண்டும். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது கதவைத் திறந்தால் அது கையை விட்டுப் பறக்கும். திறப்பு அளவைக் கட்டுப்படுத்தும் பட்டை பிய்ந்து, கீல் வளைந்து, கதவின் முன்விளிம்பு முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் போய் இடிக்கும். அதன்பிறகு கதவு சரியாக மூடாது. ஒரு நொடி வேலை, முழுச் செலவும் நம்முடையது.

நிறுத்தும்போதே வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். அப்போது காற்றே கதவைத் தள்ளி மூடும். ஒரு கையால் கைப்பிடி, மறு கையால் கதவு விளிம்பு. ஒருவர் இறங்கி முடித்த பிறகு அடுத்தவர். பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால் சைல்டு லாக் போட்டு, பெரியவர்கள் வெளியிலிருந்து திறந்துவிடுங்கள்.

வானிலை அறிக்கையில் காற்று வேகம் மீட்டர்/விநாடி என்று இருக்கும். 3.6 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கணக்கு. 20 என்று பார்த்தால் 72 கி.மீ. வேகம், கேம்பர் வேன் போன்ற உயரமான வண்டியை எடுக்கவே கூடாத நாள் அது.

* * *

எண்ணுக்கு முன்னால் எஃப் எழுத்து உள்ள மலைச்சாலைகளுக்கு நாலு சக்கர டிரைவ் கட்டாயம். குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும். பனி உருகுவதைப் பொறுத்து ஜூனிலோ ஜூலையிலோதான் ஒவ்வொன்றாகத் திறக்கும். பலர் மாட்டுவது 35, 550 சாலைகளில். எஃப் எழுத்து இல்லையே என்று சின்னக் காரில் போய்விடுவார்கள். பல கம்பெனிகள் இந்த எண்களையும் ஒப்பந்தத்தில் தடை செய்திருக்கும். அங்கே வண்டி நின்றால் இழுத்து வரும் செலவும் நம் தலையில்.

நாலு சக்கர டிரைவ் இருப்பதால் ஆற்றில் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். ஏர் இன்டேக் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும், எஞ்சின் முடிந்தது. தோர்ஸ்மொர்க் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் உள்ள க்ரோஸ்ஸா ஆறு வாடகை வண்டிகளை விழுங்குவதற்கே பேர் போனது. காலையில் முழங்கால் அளவு ஓடும், பனி உருகி வரும் ஆறு வெயில் ஏறினால் மாலைக்குள் பெருகிவிடும். அங்கே போக உயரமான பேருந்துகள் இருக்கின்றன, அதில் ஏறிக்கொள்வதே புத்தி.

'மல்பிக் எந்தர்' என்ற பலகை தெரிந்தால் தார் முடிகிறது என்று பொருள். பலகைக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஜல்லியில் ஏறிய பிறகு பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் சறுக்கும். ஜல்லிச் சாலையில் உச்ச வேகம் 80, தாரில் 90, ஊருக்குள் 50.

* * *

கார்டு விஷயம். டெபாசிட்டுக்குப் பல இடங்களில் டிரைவர் பேரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஊருக்கு வெளியே பங்க்குகளில் ஆள் இருக்க மாட்டார்கள். மெஷினில் கார்டும் நாலு இலக்கப் பின் நம்பரும்தான். இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நாமே ஆன் செய்தால்தான் வேலை செய்யும், கிளம்பும் முன் பேங்க் ஆப்பில் பார்த்துவிடுங்கள். பம்பில் 'டேங்க் நிரப்பு' என்று கொடுத்தால் ஒரு பெருந்தொகையைப் பிடித்துவைத்துச் சில நாள் கழித்துத்தான் விடுவிக்கும். தொகையைத் தேர்ந்தெடுத்துப் போடுவது நல்லது. பெட்ரோலுக்கு அங்கே 'பென்சின்' என்று எழுதியிருக்கும்.

நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் பொதுவாகச் சிக்கல் வராது. வயது சாதாரணமாகக் காருக்கு 20, ஜீப்புக்கு 23. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் எடுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டிக்கொண்டே வலது கையால் கியர் தேடுவது முதல் நாளில் வேண்டாத வேலை.

* * *

விட்டுப்போன சில. ஹெட்லைட் பகலிலும் எரிய வேண்டும், அது சட்டம். 'ஆட்டோ'வில் விட்டால் சில வண்டிகளில் பகலில் முன்விளக்கு மட்டும் எரியும், பின்னால் இருட்டு. குமிழைத் திருப்பி முழுதாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரட்டை லேன் ரவுண்டானாவில் உள் லேனில் இருப்பவருக்கே வெளியேற முன்னுரிமை. நம் ஊர்ப் பழக்கத்தில் வெளி லேனில் நீட்டிக்கொண்டு போனால் இடிதான். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலத்தில் யார் அருகில் இருக்கிறாரோ அவர் முதலில்.

வடக்கே உள்ள அகுரெய்ரி நகருக்குக் கிழக்கே வாத்லாஹெய்தி சுரங்கத்தில் டோல் பூத் கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். பணத்தை நாம் இணையத்தில் கட்ட வேண்டும். மறந்தால் கார் கம்பெனி தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து கார்டில் எடுத்துக்கொள்ளும்.

திருப்பிக் கொடுக்கும் முன் வண்டியைக் கழுவுங்கள். நிறைய பங்க்குகளில் தண்ணீர்க் குழாயும் பிரஷ்ஷும் இலவசம். சேறு மூடிய வண்டியை ஒப்படைத்தால், அவர்கள் கழுவிப் பார்த்து கீறல் என்று மெயில் அனுப்பும்போது நாம் வீட்டில் இருப்போம். கழுவிய கையோடு நாலு பக்கமும், கூரை, டயர் ரிம், முன்கண்ணாடி, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம் தெரிய ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள்.