புதுப்பிப்பு: ஆப்பிரிக்கானா படிப்பையே எடுத்துவிட்டேன்

அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் ஆப்பிரிக்கானா படிப்பை (ஆப்பிரிக்கர்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினரின் வரலாறு, பண்பாடு பற்றியது) மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுக்கலாமா, வேலை கிடைக்குமா என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள் என இங்கே கேட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். கூடவே பொருளாதாரமும், அப்பா சம்மதித்துவிட்டார்.

1969 அக்டோபரில் கறுப்பின மாணவிகள் எங்கள் கல்லூரியின் மெயின் கட்டடத்தைக் கைப்பற்றிப் போராடியபோது முன்வைத்த கோரிக்கைகளில் இந்தப் படிப்பும் ஒன்று. அதே கட்டடத்தில்தான் இப்போது என் அறை!

போன வாரம் வகுப்பில், 1946இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞரான டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தின் ஸ்கேனைப் பார்த்தோம். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவில் இரண்டு மூன்று பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். தீண்டப்படாதோரும் அப்படியொரு மனு கொடுக்க யோசிக்கிறார்களாம். டு பாய்ஸ் அதே மாதம் பதில் போட்டிருக்கிறார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

செமஸ்டர் கட்டுரை இதைப் பற்றித்தான். தயங்குகிறவர்கள் அறிமுக வகுப்பில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.