புதுப்பிப்பு: பண்டாரவளைக் கடையில் வைத்த சயனோடைப் படங்கள்

வெயிலைக் கொண்டு நீல நிறத்தில் கையால் அச்சிட்ட என் சயனோடைப் படங்களைப் பண்டாரவளையில் ஒரு கைவினைக் கடையில் விற்கக் கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கொடுத்தேன். 12இல் 5 போய்விட்டன. விற்றால்தான் காசு, மூன்றில் ஒரு பங்கு கடைக்கு. நியாயமான பேச்சுதான்.

ஆனால் தேயிலைக் கொழுந்துப் படம் வெளிறிவிட்டது. வெயில் விழும் சன்னலோரம் மாட்டியிருந்தார்கள். இந்த நீலம் வெயிலில் மங்கும். இருட்டில் வைத்தால் பெரும்பாலும் மீளும். ஒரு வாரம் அலுமாரிக்குள் வைத்தேன். இலை நரம்புகூட மறுபடி தெரிகிறது! "உள்சுவருக்கு மாத்திட்டேன் தம்பி" என்றார் கடை அக்கா.

அப்புறம், ஒவ்வொரு படத்தின் பின்னாலும் செய்முறையை எழுதி ஒட்டினேன்: இரும்பு உப்புகள் பூசி, வெயிலில் காட்டி, தண்ணீரில் கழுவியது, ஜோன் ஹேர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை. அதை வாசித்தவர்கள் பேரம் பேசவே இல்லையாம். பனிமூட்டம் விலகியதும் அடுத்த 10 படங்கள்.