விருப்பு வாக்கா, தொகுதியா? கொழும்பு எம்.பி. யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்

வெள்ளவத்தை ரமணி:
இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில, கட்சிக்குள்ள ஆர் வேணுமெண்டு வேட்பாளரின்ர இலக்கத்துக்குப் போடுற விருப்பு வாக்கை ஒழிச்சுப்போட்டு, தொகுதிக்கு எண்டு எம்.பி. இருந்த பழைய தொகுதி முறைக்குப் போகவேணும். 1989இல இருந்து பொதுத் தேர்தலில இதைத்தானே பார்க்கிறம். கொழும்பு மாவட்டத்தில நிக்கிறவர் மொரட்டுவையில இருந்து அவிசாவளை வரைக்கும் தன்ர இலக்கத்தைக் கொண்டு திரிய வேணும். எங்கட ஒழுங்கை முகப்பில பின்னேரம் ஒருத்தர் போஸ்டர் ஒட்டுவார். விடிய அதே கட்சிக்காரர் அதுக்கு மேல தன்ர இலக்கத்தை ஒட்டியிருப்பார். இவ்வளவு செலவழிச்சு வெண்டவர் காசு தந்தவனைப் பார்ப்பாரா, சட்டமூலத்தைப் படிப்பாரா?

கொட்டாஞ்சேனையான்:
அக்கா, 1977ஐ மறந்துட்டீங்களா? ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குக் கொஞ்சம் கூட வாக்கு எடுத்து, 168இல 140 ஆசனம் பிடிச்சது. சுதந்திரக் கட்சிக்கு கிட்டத்தட்ட 30 வீத வாக்கு, ஆனா 8 ஆசனம்தான். அந்த 140 பேர் கூட்டத்தில எந்தப் பின்வரிசைக்காரர் வாய் திறப்பார்? அடுத்த வருஷமே அரசியலமைப்பையே மாத்திட்டாங்க. கொழும்புத் தமிழர் எந்தத் தொகுதியில பெரும்பான்மை? மாவட்டம் முழுக்க சிதறிக் கிடக்கிற வாக்கைக் கூட்டித்தான் நம்ம ஆள் ஒருத்தரை அனுப்ப முடியும். பெரிய கட்சிக்காரங்க நம்ம வாசலுக்குத் தமிழ் நோட்டீஸோட வாறதும் அதனாலதான்.

வெள்ளவத்தை ரமணி:
வந்திட்டுப் போனாப் பிறகு? கான் (வடிகால்) அடைச்சா, 2018இல வந்த வட்டார முறையில தெரிவான மாநகர சபை உறுப்பினரைப் பிடிச்சுக் கேக்கலாம். மாவட்டத்துக்கு 18 எம்.பி., ஆனா எங்கட பகுதிக்கு எண்டு ஒருத்தரும் இல்லை.

கொட்டாஞ்சேனையான்:
கான் மாநகர சபை வேலை. எம்.பி.யும் அதைத்தான் பார்க்கணும்னா சட்டத்தை யார் பார்க்கிறது?

புறக்கோட்டை வாசகன்:
இருவரும் இரண்டு விஷயங்களைப் பிணைத்துப் பேசுகிறீர்கள். விகிதாசாரத்தை, அதாவது வாக்கு வீதப்படி ஆசனம் பிரிக்கும் முறையை, வைத்துக்கொண்டே விருப்பு வாக்கை எடுத்துவிடலாம். ஆனால் பட்டியல் வரிசையைத் தலைமை தீர்மானித்தால் எம்.பி. மக்களை விட்டுத் தலைவருக்குப் பயப்படுவார். மாவட்டத்தில் தெரிவாகாமல் கட்சி நியமிக்கும் தேசியப் பட்டியலின் 29 பேருடைய நிலை அதுதானே? எனக்குப் பிடித்தது பழைய மத்திய கொழும்பு. மூன்று அங்கத்தவர் தொகுதி. மூன்று வாக்கையும் ஒருவருக்கே போடலாம். கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் 1947 முதல் 1977 வரை அங்கிருந்துதான் சபைக்குப் போனார். பகுதியும் சிறிது, சிறுபான்மைக்கும் இடம் உண்டு.

கொட்டாஞ்சேனையான்:
அதுக்கு நான் சம்மதம். மூணு பேர் தொகுதின்னா நம்ம பக்கத்தில கட்டாயம் ஒருத்தர் வருவார்.

வெள்ளவத்தை ரமணி:
எனக்கும் சம்மதம்தான். ஆனா எல்லையைக் கீறுறது ஆர்? மாகாண சபைத் தொகுதிகளுக்கு எல்லை கீறின அறிக்கையை 2018இல பாராளுமன்றமே தோற்கடிச்சது. 2014க்குப் பிறகு ஒரு மாகாண சபைக்கும் தேர்தல் இல்லை. எல்லை தங்களுக்கு வாய்க்காட்டி தேர்தலையே வைக்க மாட்டினம். அதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ.