டாஸ் 130-க்குக் குறைந்த செலவில் பலம் கூட்ட வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வண்டி டொயோட்டா டாஸ் 130, கார்புரேட்டர் வைத்த 1.3 லிட்டர் 2ஈ எஞ்சின். டர்பனுக்குள் குறையில்லாமல் ஓடுகிறது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) கிளம்பினால்தான் என்3 நெடுஞ்சாலையில் 'டவுன் ஹில்' என்கிற ஏற்றத்திலேயே திணறுகிறது. வான் ரீனன் கணவாய் தாண்டினால் இன்னும் மோசம். அங்கே 1,700 மீட்டர் உயரம், காற்று மெலிவு, டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். அது இயற்கை, விடுங்கள்.

கையில் 6,000 ரேண்ட். வீட்டு கராஜில் நானும் தம்பியும் செய்யப்போகிற வேலை. முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுந்தும் அளவு), வால்வ் இடைவெளி, பிளக், டைமிங் எல்லாம் பார்த்துவிடுவோம். தொலைந்த குதிரைத்திறனை மீட்பதுதான் மலிவு. மிச்சப் பணத்தை எதில் போடுவது?

ஃப்ரீஃப்ளோ பிராஞ்ச் (புகை தடையில்லாமல் வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாய்) போட்டால் இந்தச் சின்ன எஞ்சினில் சத்தம்தான் கூடும் என்கிறார் மாமா. எனக்கும் பாதி சம்மதம்தான். சிலிண்டர் ஹெட்டின் (எஞ்சினின் மேல்பகுதி) அடிப்பரப்பைச் சீவி கம்ப்ரஷன் கூட்டலாம் என்று நினைக்கிறேன். 95 ஆக்டேன் பெட்ரோலில் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வராமல் எவ்வளவு சீவலாம்? சீவினால் கேம் டைமிங் (வால்வ் திறந்து மூடும் நேரம்) கொஞ்சம் பின்தங்குமே, அதை எப்படிச் சரிக்கட்டினீர்கள்? அப்புறம், கடலோரத்துக்குச் சரியான கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) உயரமான இடத்துக்குப் போனால் பெட்ரோலைக் கொட்டும். இரண்டுக்கும் நடுவான அளவு உண்டா?

எஞ்சினையே மாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள். போலீஸ் கிளியரன்ஸ், பதிவு மாற்றம் என்று அலைய நேரமில்லை.

2ஈ ஹெட்டில் கைவைத்தவர்கள், டர்பன் பக்கம் நல்ல எஞ்சினியரிங் கடை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.