மறு: அப்ஹோல்ஸ்டரிக்குத் தமிழ்ச்சொல்: மெத்தைக்கட்டு?

நண்பர்களுக்கு வணக்கம். நாற்காலி, சோபாவின் சட்டத்தில் மெத்தையும் துணியும் வைத்துப் பிணைக்கிற அப்ஹோல்ஸ்டரி வேலைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது.

> மெத்தையிடல் என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான். ஆனால் இட்ட மெத்தையை எடுத்தும் விடலாம்; பிரம்பு நாற்காலியில் போடும் திண்டு அப்படிப்பட்டது. வீட்டிலேயே நாற்காலி, சோபா செய்வதற்கான கையேட்டுக்குத்தானே சொல் தேடுகிறோம்? அங்கே இது குழப்பும். அப்ஹோல்ஸ்டரி என்பது சட்டத்தோடு சேர்த்துப் பிணைக்கிற வேலை. முதலில் குறுக்கும் நெடுக்கும் நாடாவை விறைப்பாக இழுத்துப் பின்னி அடிக்க வேண்டும். அதன்மேல் சாக்குத்துணி, ஃபோம், ஃபோமைப் போர்த்த மெல்லிய பாலியெஸ்டர் பஞ்சு, கடைசியில் துணியோ ரெக்சினோ. துணியை ஒரு மூலையிலிருந்து அடித்துக்கொண்டே போனால் கோணிவிடும். நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின் அடித்து நிறுத்தி, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்தபடி மூலைக்குப் போக வேண்டும். மூலையில் மிஞ்சுகிற துணியைச் சுருக்கம் தெரியாமல் மடித்து அடியில் தள்ளுவதில்தான் கைவேலை தெரியும். இத்தனைக்கும் 'இடல்' போதாது.

> பஞ்சணை இருக்கிறதே, அணைவேலை எனலாமா?

மேட்டூரில் ஏதோ நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள், ஐயா!

என் பரிந்துரை மெத்தைக்கட்டு. கட்டிலுக்குக் கயிறு கட்டுவது நமக்குப் பழகிய வேலை. கட்டில் என்ற பெயரே 'கட்டு' வழியாக வந்திருக்கலாம். மெத்தைக்கட்டு நாற்காலி, மெத்தைக்கட்டாளர், பழைய மெத்தைக்கட்டைப் பிரித்தல் என்று வாக்கியத்திலும் தடையில்லாமல் வருகிறது. சில ஊர்களில் மெத்தை என்றால் மாடி. அங்கே மெத்தை கட்டக் கொத்தனாரைத்தான் கூப்பிடுவார்கள். சரி, இடம் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும்.

சட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் பின்னுகிற வெப்பிங்குக்கு நாடா போதும். நாடாக்கட்டில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கிற பைப்பிங்கை அப்படியே விட்டுவிடலாம், ரவிக்கை தைப்பவர் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இருக்கைக்கு அடியில் வளைந்து வளைந்து போகிற கம்பியான ஜிக்ஜாக் ஸ்பிரிங்கைச் சுருள்வில் என்பது மட்டும் வேண்டாம். அது சுருளவில்லை, நெளிகிறது. நெளிவில் என்று வைத்தால் நெளிவு என்ற சொல் ஏழாம் வேற்றுமை ஏற்றது போலப் படிக்கப்படும். ஆகவே நெளிகம்பி. விரலில் போடுகிற நெளியைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

அப்புறம் ஃபோம். கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று கேட்டு வாங்குகிறோம். அது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. எண் கூடினால் ஃபோம் கெட்டியாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. ஒரே 40-இல் மெதுவானதும் உண்டு, கெட்டியானதும் உண்டு. அடர்த்தி கூடினால் பொதுவாகச் சீக்கிரம் அமுங்கிப் போகாமல் உழைக்கும், அவ்வளவுதான். ஆகவே கையேட்டில் அடர்த்தி, கெட்டிமை என்று இரண்டு சொற்களையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். கெட்டிமை எனக்கே முழுத் திருப்தி தரவில்லை; வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.