விற்க மிஞ்சாத சோலார் மின்சாரத்துக்கும் டெல்லியில் பணம் உண்டா?

கேள்வி (மயூர் விகார்வாசி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் வைக்க எண்ணியுள்ளோம். ஜெர்மனியில் கூரையிலிருந்து மின்கம்பிக்கு அனுப்பும் யூனிட்டுக்கு ‘ஃபீட்-இன் டாரிஃப்’ என்ற நிலையான விலை 20 ஆண்டுகளுக்குக் கிடைப்பதாக அங்கு வசிக்கும் என் மகள் கூறுகிறாள். இங்கு அத்தகைய ஏற்பாடு உண்டா? மாதம் 450 யூனிட் செலவழிக்கும் எங்களுக்கு விற்க எதுவும் மிஞ்சாது.

மறுமொழி (ஜனக்புரி அன்பர்)

ஐயா, மிஞ்சாவிட்டாலும் உண்டு. டெல்லி சூரிய மின் கொள்கை 2023-இன்படி, 3 கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 3 ரூபாய் வீதம் 5 ஆண்டுகளுக்கு உற்பத்தி ஊக்கத்தொகை வழங்கப்படுகிறது. 3-க்கு மேல் 10 கிலோவாட் வரை 2 ரூபாய். தாங்களே பயன்படுத்திய யூனிட்டும் இதில் சேரும். இதற்காகவே, மின்கம்பியிலிருந்து எடுத்த யூனிட்டையும் அதற்கு அனுப்பிய யூனிட்டையும் அளந்து வித்தியாசத்தைக் காட்டும் நெட் மீட்டரோடு, உற்பத்தியை மட்டும் அளக்கும் தனி மீட்டரும் பொருத்தப்படுகிறது. பிரிட்டனில் 2010 முதல் 2019 வரை புதியவர்களைச் சேர்த்துக்கொண்ட திட்டமும் இப்படித்தான் உற்பத்திக்கு ஒரு விலையும், கம்பிக்கு அனுப்பியதற்கு மேலும் ஒரு விலையும் தந்தது.

தங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று வைத்தால், மாதம் 360 யூனிட் விளையும். ஊக்கத்தொகை ஏறத்தாழ 1,080 ரூபாய். அதோடு, தங்கள் நிகர நுகர்வு 90 யூனிட்டாகக் குறைவதால், 200 யூனிட் வரை கட்டணமில்லை என்ற மானியத்துக்குள்ளும் தாங்கள் வந்துவிடுவீர்கள். என் பார்வையில் பெரிய ஆதாயம் இதுதான். மூடுபனிக் காலத்தில் உற்பத்தி குறையும், கோடையில் ஏசி ஓடும் என்பதால் எல்லா மாதமும் இப்படி அமையாது. மிஞ்சும் யூனிட்டுகள் அடுத்த மாதத்துக்கு வரவு வைக்கப்பட்டு, நிதியாண்டு இறுதியில் எஞ்சியிருப்பவற்றுக்கு மின்பகிர்மான நிறுவனத்தின் சராசரி கொள்முதல் விலை தரப்படும்.

மறுமொழி (ஆர்.கே.புரம்)

மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் 5 ஆண்டு போதாது என்பதே என் உறுதியான கருத்து. தங்கள் மகள் சொன்ன நிலையான விலைக்கு வழிசெய்த ஜெர்மனியின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வென்றதற்குக் காரணம் விலையின் உயரம் மட்டுமன்று. புதிதாகச் சேர்பவர்களுக்கான விலையைப் படிப்படியாகக் குறைத்தபோதும், முன்பே சேர்ந்தவருக்கு வாக்களித்த விலையை 20 ஆண்டுகள் மாற்றாததால், நடுத்தரக் குடும்பமும் துணிந்து கடன் வாங்கிப் பேனல் வைக்க முடிந்தது. கர்நாடகத்திலும் 2013-இல் மானியம் பெறாத கூரை அமைப்புகளுக்கு யூனிட்டுக்கு 9.56 ரூபாய் என நிர்ணயித்தார்கள்.

மறுமொழி (ஜனக்புரி அன்பர்)

உண்மைதான். ஆயினும் இங்கு முதலீட்டின் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே குறைத்துவிடுகிறார்கள்: பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் தருகிறது. கேள்வி கேட்ட ஐயா, மாடி உரிமை தங்கள் பெயரில் உள்ளதா என்பதை முதலில் பத்திரத்தில் பாருங்கள். இல்லையெனில், வேறோர் இடத்துப் பேனலின் உற்பத்தியைப் பல வீட்டு பில்களில் பகிர்ந்து கழிக்கும் ‘விர்ச்சுவல் நெட் மீட்டரிங்’ முறைக்கும் டெல்லியில் அனுமதி உண்டு.